ஆர்லாண்டோவில் பக்கத்து ஸ்டால்காரருக்கும், மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

திருப்பூர் வந்து சேர்ந்தாச்சு. உடம்பு இன்னும் அமெரிக்க நேரத்திலேயே இருக்கிறது, ராத்திரியில் தூக்கம் பிடிப்பதில்லை. சரி, விழித்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆர்லாண்டோ ஃபேருக்கு, அதாவது வியாபாரக் கண்காட்சிக்கு, அனுப்பிய எங்கள் டி-ஷர்ட் பெட்டிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவற்றுக்கு என்ன ஆனது, எங்கே நின்றது, யார் யாரைக் கை காட்டினார்கள் என்பதெல்லாம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அன்று என் போன் வராத வீடு அநேகமாக இல்லை. அதை மறுபடி எழுதி ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ள மாட்டேன். சரக்கு அனுப்பிய ஏஜென்ட்டோடு பார்க்க வேண்டிய கணக்கை அங்கே பார்த்துக்கொள்கிறோம். இந்த மடல் நன்றி சொல்ல மட்டும்.

இந்த ஃபேரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். சர்ஃப் எக்ஸ்போ 1976இல் ஆரம்பித்தது. இப்போது ஜனவரியிலும் செப்டம்பரிலும் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோவின் ஆரஞ்ச் கவுண்டி கன்வென்ஷன் சென்டரில் நடக்கிறது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, முழுக்க வியாபாரிகளுக்கானது. அலைச்சறுக்குப் பலகை, ஸ்கேட்போர்டு, பலகையில் தேய்க்கும் மெழுகு, கணுக்காலில் மாட்டும் கயிறு, கூலிங் கிளாஸ், செருப்பு, நீச்சல் உடை, அப்புறம் கடற்கரை ஊர்ப் பெயர் அச்சடித்த டி-ஷர்ட். கடைசியில் சொன்னதுதான் நம் பிழைப்பு. அந்த நாட்டுக் கடற்கரை ஊர்களில், அந்தந்த ஊர்ப் பெயரை நெஞ்சில் போட்டு விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர் பலகை வாங்குகிறாரோ இல்லையோ, பனியன் ஒன்று வாங்கிவிடுவார்.

வேடிக்கை என்னவென்றால், ஆர்லாண்டோவில் கடலே கிடையாது. காரில் ஒரு மணி நேரம் கிழக்கே போனால்தான் கோகோ பீச். அலைச்சறுக்கில் 11 முறை உலகச் சாம்பியனான கெல்லி ஸ்லேட்டர் பிறந்த ஊர் அது. கடல் இல்லாத ஊரில் கடல் வியாபாரமா என்று என் கொழுந்தனார் சிரித்தார். தூத்துக்குடி வரைக்கும் ராத்திரி முழுக்க லாரி ஓட்டிக் கப்பலேற்றும் ஊர்க்காரர்கள் நாம், நாம் சிரிக்கலாமா என்று கேட்டேன்.

இனி அந்தப் பக்கத்து ஸ்டால் பெரியவர். பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஃபேர் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம். பத்துக்குப் பத்து ஸ்டால், பின்னால் குழாயில் தொங்கும் திரை, ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. சுற்றிலும் எல்லோரும் பெட்டி பிரித்து, ஏணி போட்டு, விளக்கு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே வாசலில் இருந்து ஸ்டால் வரை பெட்டியைக் கொண்டுவந்து போடுவதற்கே நூறு பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. எங்களுக்கு இறக்க ஒன்றும் இல்லாததால் அந்தக் காசு மிச்சம் என்று கொழுந்தனார் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பெட்டியில் எடுத்துவந்திருந்த ஒரு டஜன்கூடத் தேறாத டி-ஷர்ட்களை மேசை மேல் அடுக்கிப் பார்த்தேன். கலைத்துவிட்டு அகலமாகப் பரப்பிப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் மேசையே நிறையவில்லை.

பக்கத்து ஸ்டால் அவருடையது. வயது எழுபதைத் தொட்டிருக்கும். அரைக்கால் சட்டை, ரெண்டு முட்டியிலும் பழைய தழும்பு. அவரும் அவர் மனைவியும் சின்னப் பட்டறை வைத்து ஸ்கேட்போர்டுப் பலகை செய்கிறார்கள். அவர் எங்களிடம் என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை. அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'சாரி' கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் மேசையைப் பார்த்தார். அப்புறம் பையிலிருந்து ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருக்கும் ஒரு சாவியை எடுத்தார். ஸ்கேட்போர்டின் எல்லா நட்டையும் அந்த ஒரே சாவியில் கழற்றலாமாம். தன் ஸ்டாலில் ஏற்கெனவே நிறுத்தி முடித்திருந்த கம்பிவலைப் பலகை ஒன்றைக் கழற்ற ஆரம்பித்தார். அதில் மாட்டியிருந்த தன் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி கையில் கொடுத்தார். அந்த அம்மா மறுபேச்சுப் பேசாமல் வாங்கித் தரையில் சாய்த்து வைத்தார். கம்பிவலையை எங்கள் பக்கம் திருப்பி நிறுத்தி, கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்து, கொக்கிகளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இதோடு நின்றிருந்தாலே இந்த மடலை எழுதியிருப்பேன்.

நாங்கள் டி-ஷர்ட்களை மாட்டி முடித்ததும் திரும்ப வந்தார். ஒன்றைத் தொடலாமா என்று என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். எடுத்து, கழுத்துக்குள் கையை விட்டு, சட்டென்று உள்வெளியாகத் திருப்பிவிட்டார். பிசிறு இருக்கிறதா என்று பக்கத் தையல் நெடுக விரலை ஓட்டினார். தோளுக்குத் தோள் போட்டிருந்த டேப்பை இழுத்துப் பார்த்தார். கைமடிப்பின் இரட்டைத் தையலைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு அதை அப்படியே, உள்பக்கம் வெளியே தெரிய, நடுக் கொக்கியில் மாட்டினார். இந்தக் கூடத்தில் ஆயிரக்கணக்கான டி-ஷர்ட் தொங்கப்போகிறது, முன்பக்கத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், உங்களிடம் உள்ள சரக்குக்கு இதுதான் சரி என்றார்.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், வரும் நேரத்தில் பீஸைத் திருப்பிப் போட்டால் நம் செக்கிங் அக்கா சும்மா விடுவாரா? நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, தன் பலகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஸ்கேட்போர்டில் படம் இருப்பது அடிப்பக்கத்தில். ஒழுங்காக ஓட்டுகிற பையன் கையில் கிடைத்தால் ஒரு வாரத்தில் அந்தப் படம் தேய்ந்து போய்விடும். மேல்பக்கத்தை உப்புத்தாள் மாதிரி ஒரு கறுப்புத் தாள் மூடிவிடும். மிச்சம் தெரிவது விளிம்பு ஒன்றுதான். அந்த விளிம்பை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து எண்ணச் சொன்னார். ஏழு அடுக்கு மேப்பிள் மரம். ஐந்து அடுக்கில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும், ரெண்டில் குறுக்கே. குறுக்கே போகும் அந்த ரெண்டு அடுக்குதான் பலகை நெடுக விரிசல் விடாமல் காப்பாற்றுவது. பசை தடவி, அச்சில் வைத்து அழுத்தி, காய்ந்த பிறகுதான் வெட்டுவது. அடுக்குக்கு அடுக்கு இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விளிம்பைப் பார்த்தால் போதும். அவருடைய ஸ்டாலில் பலகைகள் எல்லாம் படம் தெரியாமல் விளிம்பு தெரியும்படி மாட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் அவர் செய்ததுதான் இன்னும் பெரிசு. அவரிடம் ஆர்டர் எழுத வந்த கடைக்காரர்களை, எழுதி முடித்த கையோடு, பக்கத்தில் போய் அந்தச் சட்டையின் உள்ளே கையை விட்டுப் பாருங்கள் என்று அனுப்பினார். மத்தியானத்துக்குள் தெரியாதவர்கள் எல்லாம் ஸ்டாலுக்குள் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், டி-ஷர்ட்டுக்குள் கையை விட ஆரம்பித்தார்கள். பெட்டிகள் வந்திருந்தால் நாங்களும் வண்ண வண்ணமாக முன்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு, இருநூறு ஸ்டால் தள்ளி இருப்பவரைப் போலவே இருந்திருப்போம். பெட்டி வராததே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. போன காசு போனதுதான்.

அவருக்கு இதில் என்ன லாபம் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஃபேரில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. வந்த பையரைப் பக்கத்து ஸ்டாலுக்கு அனுப்புகிறவரை நான் பார்த்ததில்லை. பொறுக்க மாட்டாமல் நேராகவே கேட்டுவிட்டேன். அந்தக் கம்பிவலை என் விளக்கை மறைத்துக்கொண்டிருந்தது என்றார். அவ்வளவுதான் பதில். பேச்சை மாற்றி ஃபுளோரிடாப் பெருமையை ஆரம்பித்துவிட்டார். கையால் தொடாமல் பலகையோடு காற்றில் எழும்பும் 'ஆலி' என்கிற வித்தையை 1970களின் கடைசியில் கண்டுபிடித்த ஆலன் கெல்ஃபாண்ட் ஃபுளோரிடாப் பையன்தான், கலிபோர்னியாக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்று அவருக்குக் குறை. உங்கள் பக்கம் அலை உண்டா என்று என்னைக் கேட்டார். எங்கள் ஊரில் இல்லை, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பிரமாதமாகச் சறுக்குகிறார்கள், 2023இல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்தது என்று சொன்னேன். கொழுந்தனார் போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். பெரியவர் தன் மனைவியையும் கூப்பிட்டு ரெண்டு முறை பார்த்தார்.

கடல்காரர்கள் என்பதால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது, சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே எப்படிக் கலங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு நாம் ஆற்றில் ஒரு சொட்டும் விடாமல் இருப்பதும், தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்ப எடுப்பதும், உப்பைக்கூடப் பிரித்து எடுப்பதும் அங்கே நல்ல பேச்சாக எடுபட்டது. அந்தச் செலவை நினைத்து மாசாமாசம் புலம்புகிற நான்தான் அங்கே அதைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

வியாபாரம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 2025இல் போட்ட 50 சதவீத வரி அப்போது தலைமேல் உட்கார்ந்திருந்ததால் யாரும் பெரிய ஆர்டர் எழுதிக் கொடுத்துவிடவில்லை. சாம்பிள் கேட்டிருக்கிறார்கள், சின்னக் கடைக்காரர்கள் சிலர் டஜன் கணக்கில் முயற்சி செய்து பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள். வெறும் கையோடு திரும்புவோம் என்று நினைத்த இடத்தில் இது போதும்.

திரும்பி வந்ததும் முதலில் செய்தது, எங்கள் ஓவர்லாக் அக்காவையும், பிசிறு வெட்டும் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த டி-ஷர்ட் உள்வெளியாகத் தொங்கும் போட்டோவைக் காட்டியதுதான். எங்கள் தையலையா அமெரிக்காக்காரன் பார்த்தான் என்று கேட்டுவிட்டு, பின்பக்கம் இன்னும் நல்லா மடிச்சிருக்கலாம் என்று அந்த அக்கா குறை கண்டுபிடித்தார். இனி எங்கள் ஆபீஸில் மாட்டும் ஒவ்வொரு சாம்பிள் வரிசையிலும் ஒன்று திருப்பித்தான் தொங்கும். எந்த ஃபேருக்குப் போனாலும் ஒரு கம்பிவலை கூடுதலாக வாடகைக்கு எடுப்பேன். பக்கத்தில் யாராவது காலி மேசையோடு உட்கார்ந்திருந்தால் அது அவர்களுக்கு. ஜனவரிக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் இப்போதே என்னிடம் சொல்லிவையுங்கள், ஸ்டாலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஆர்லாண்டோவில் எங்களை முன்பின் பார்த்திராமல் இஸ்திரிப் பெட்டியும், வீட்டு அலமாரியைக் காலி செய்து ஹேங்கர்களும், பாத்திரம் நிறைய ரசம் சாதமும் கொண்டுவந்த தமிழ்க் குடும்பம். அங்கே காலையில் கடை திறந்தால் இங்கே சாயங்காலம் ஆறரை. அங்கே மூடும்போது இங்கே விடியற்காலை மூன்றரை. அந்த நேரம் முழுக்க விழித்திருந்து, ஒவ்வொரு பையர் கேட்ட விலைக்கும் பத்து நிமிஷத்தில் கணக்குப் போட்டு அனுப்பிய, ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் பெண்ணும், அவளைக் காலையில் எழுப்பாமல் பார்த்துக்கொண்ட அவள் மாமியாரும். ஆபீஸில் கிடந்த பழைய சாம்பிள்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பிய பிரிண்டிங் அண்ணா. தங்கள் சரக்கின் கடைசித் தேதியைத் தள்ளி வைத்துக்கொண்டு எங்களுக்காக மெஷின் ஒதுக்கிய ஜாப் வொர்க் யூனிட்காரர்கள். பேச்சிலேயே தைரியம் கொடுத்த மாமாக்கள், சித்திகள், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக அட்லாண்டா தம்பி. போன வருஷத்து ஆர்டரில் மிச்சமாகத் தன் வீட்டுக் கார் ஷெட்டில் கிடந்த ரெண்டு அட்டைப்பெட்டியைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த கையோடு கிளம்பி, ராத்திரியெல்லாம் கார் ஓட்டி, ரெண்டாம் நாள் காலையில் கன்வென்ஷன் சென்டர் வாசலில் வந்து நின்றான். பெட்ரோல் காசை எவ்வளவு கெஞ்சியும் வாங்கவில்லை. நேற்று அவினாசியில் அவன் அம்மாவைப் பார்த்து அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை மறுக்காமல் எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.