தோள் தாங்குகிற துப்பாக்கி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே குலசேகரத்தில் ஓணம் கழிந்தும் மழை விடவில்லை. கீழ்விளையில் நட்ட மரச்சீனியில் பாதியைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிட்டது. 1972 வனவிலங்குச் சட்டம் இருப்பதால் அனுமதியில்லாமல் சுட முடியாது, ராத்திரி தகரம் தட்டித்தான் விரட்டுகிறேன். நீ டெக்சாஸில் முறையாக லைசென்ஸ் எடுத்து, நவம்பரில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறாய். கடைக்காரர் 300 வின்செஸ்டர் மேக்னம் என்கிற பெரிய தோட்டா போடும் துப்பாக்கிதான் வேண்டும் என்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மக்கா. அதைவிடச் சின்ன தோட்டாவான 308 வின்செஸ்டர் போடும் துப்பாக்கி வாங்கு.

காரணம் சொல்கிறேன். குளச்சலில் வள்ளத்திலிருந்து கரைக்குக் குதிப்போமே, வள்ளம் பின்னால் நழுவும். வெயிட்டான ஆள் வேகமாகக் குதித்தால் அதிகம் நழுவும். வள்ளம் கனமாக இருந்தால் குறையும். துப்பாக்கி பின்னால் உதைப்பதும் அதே கணக்குதான். குண்டோடு சேர்ந்து, எரிந்த வெடிமருந்தின் வாயுவும் குழலை விட்டுச் சீறிக்கொண்டு போகிறது. 308-ல் குண்டு 150 கிரெயின், அதாவது பத்து கிராம்கூட இல்லை. வேகம் விநாடிக்கு 860 மீட்டர். மேக்னத்தில் குண்டும் கனம், மருந்து ஒன்றரை மடங்குக்கும் மேல். மூன்றரை கிலோ துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் தோளில் விழும் அடி ஏறக்குறைய இரட்டிப்பு.

அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? இரண்டையும் 200 கஜத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்து வைத்தால், 300 கஜத்தில் 308-ன் குண்டு எட்டு அங்குலம் போல இறங்கும். மேக்னம் அதைவிட ஒன்றிரண்டு அங்குலம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான். நீ சுடப்போவது பெரும்பாலும் அதற்கும் கிட்டத்தில் நிற்கிற மானை. காற்றை மட்டும் மறக்காதே. ஆரல்வாய்மொழியில் நம் சைக்கிளையே ரோட்டோரம் தள்ளிய காற்று ஞாபகமிருக்கிறதா? அதில் பாதிக்கும் குறைவான பக்கக்காற்றே 300 கஜத்தில் குண்டை ஏழெட்டு அங்குலம் தள்ளிவிடும்.

பட்டாளத்தில் பையன்களுக்கு எஸ்.எல்.ஆர். என்கிற பட்டாளத்துத் துப்பாக்கியைச் சுடச் சொல்லிக் கொடுத்தவன் நான். அதன் 7.62 தோட்டாவும் உன் 308-ம் ஏறக்குறைய ஒரே அளவு. நல்ல உடம்புக்காரப் பையன் ஒருவன், ஐந்து ரவுண்டு போட்டும் இலக்கில் ஒன்றுகூட இல்லை. அவனுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி தோட்டாவை வைத்தேன். விசையை இழுத்தான், வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை நாலு விரல் கீழே குத்தியது, கண் இறுக மூடியிருந்தது. தோளில் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. அடி வரப்போகிறதென்று உடம்பு முன்கூட்டியே சுருங்கிவிடுகிறது. குண்டு குழலை விட்டுப் போக விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். உதை முழுதாகத் தோளுக்கு வரும்போது அது வெளியே போயிருக்கும். குறியைக் கெடுத்தது உதை இல்லை, உதைக்குப் பயந்த கை.

மானின் நெஞ்சில் சுடவேண்டிய இடம் ஒரு சாண் அகலம் இருக்கும். அதை விட்டு வயிற்றில் பட்டால் அந்த ஜீவன் முள்ளுக்குள் ஓடி, மணிக்கணக்காகக் கிடந்து சாகும். எனக்கு அது பொறுக்காது, உனக்கும்தான்.

அப்புறம், துப்பாக்கியின் பின்கட்டையில் தோளில் படும் இடத்தில் ரப்பர் வைத்தது வாங்கு, காதை மூடிக்கொள். துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கியைக் கண்ணுக்கு ஒட்டி வைக்காதே, உதைக்கும்போது புருவத்தைக் கிழித்துவிடும். முனையில் ஈயம் தெரிகிற, பட்டதும் விரிகிற வேட்டைக் குண்டுதான் எடு. பட்டாளத்துக் குண்டு மாதிரி முழுக்கச் செம்பு மூடியது துளைத்துக்கொண்டு போய்விடும். நவம்பருக்குள் நண்பர் யாரிடமாவது சொல்லி, இடையிடையே டம்மி தோட்டா வைத்துச் சுட்டுப் பார். குழல் அசையாமல் நின்றால் எனக்கு எழுது.

அம்மாவின் முட்டுவலி பரவாயில்லை. உன்னைக் கேட்டாள்.

உன்,
தக்கலை ஸ்கூல் கடைசி பெஞ்சுக்காரன்