ஜீரோ நின்றால் மட்டும் மைக்ரோமீட்டர் சரியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் கருவிகள் வந்தபின் கோவை லேத் பட்டறைகளிலிருந்து, திருகைச் சுழற்றி நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கும் பழைய மைக்ரோமீட்டர்கள் எடைக்குப் போகின்றன. இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கருவிகளும் அதில் சேர்ந்தே போவது வருத்தமளிக்கிறது. கையில் வைத்திருப்பவர்களோ கருவியை மூடினால் ஜீரோ நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

ஜீரோ பார்க்கும் முன் ஆன்விலுக்கும் (நிலையான முனை) ஸ்பிண்டிலுக்கும் (நகரும் தண்டு) நடுவே வெள்ளைத்தாளை லேசாகப் பிடித்து உருவ வேண்டும். ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே அரைக்கோடு பிழை காட்டிவிடும். பிறகு ராட்செட்டை (அழுத்தம் மிகாமல் நழுவும் கடைசிக் குமிழ்) மூன்று 'டிக்' வரை திருப்பி, திம்பிளின் (சுழலும் உறை) ஜீரோ கோடு ஸ்லீவின் (அசையாத உள்குழல்) கோட்டோடு சேர்கிறதா என்று நேராகப் பார்க்க வேண்டும். பிழை 0.01 மி.மீ.க்குள் இருந்தால் ஸ்பிண்டிலைப் பூட்டிவிட்டு, ஸ்லீவின் பின்புறத் துளையில் சி ஸ்பானரை (கொக்கி வடிவச் சாவி) மாட்டித் திருப்பினால் போதும். அதற்கு மேல் என்றால் ராட்செட்டைத் தளர்த்தி, திம்பிளை ஸ்பிண்டிலிலிருந்து விடுவித்து, ஜீரோவில் வைத்து மறுபடி இறுக்க வேண்டும்.

உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். ஒரே அளவு வேலையைத் தொடர்ந்து பார்த்த மைக்ரோமீட்டரில் அந்த இடத்து மரை (திருகின் புரி) மட்டும் தேய்ந்திருக்கும். ஜீரோ சரியாக நிற்கும், 12 மி.மீ.யில் பொய் சொல்லும். இதைப் பிடிக்க ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுள்ள எஃகுக் கட்டை) வேண்டும். 5, 10, 15 என்று முழு எண்களில் பார்த்துப் பயனில்லை. மரையின் புரியிடை (ஒரு சுற்றில் நகரும் தூரம்) 0.5 மி.மீ. என்பதால் அங்கெல்லாம் திம்பிள் ஒரே கோட்டில்தான் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள் இருக்கும் பிழை தெரியாது. 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15, 17.6, 20.2, 22.8, 25 என்று வைத்துப் பார்த்தால் திம்பிள் வெவ்வேறு கோணங்களில் நிற்கும்.

ஸ்பிண்டிலில் ஆட்டம் இருந்தால் அதை முழுவதும் கழற்றி, ஸ்லீவ் முனையில் உள்ள பிளவுபட்ட நட்டை மயிரிழை இறுக்கலாம். இறுக்கியபின் நடுவில் தளர்வாகவும் இரு முனைகளில் பிடிப்பாகவும் ஓடினால் மரை சீரற்றுத் தேய்ந்துவிட்டது என்று பொருள். நட்டை மேலும் இறுக்காமல், கருவியை முரட்டு வேலைக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஆன்வில் முகத்தின் நடுவில் குழி விழுந்திருப்பதும் ஜீரோவில் தெரியாது. மூடும்போது விளிம்புதான் விளிம்பைத் தொடுகிறது. சிறிய பேரிங் குண்டு ஒன்றை முகத்தின் ஓரத்திலும் நடுவிலும் வைத்து அளந்து பாருங்கள். நடுவில் குறைவாகக் காட்டினால் குழி இருக்கிறது.

ஏசி அறை இல்லையே என்று தயங்க வேண்டாம். அளவுக்குரிய வெப்பநிலை 20 டிகிரிதான். ஆனால் கருவியும் ஸ்லிப் கேஜும் எஃகு, சர்ஃபேஸ் பிளேட் (சமதளப் பலகை) மேல் அரைமணி நேரம் சேர்ந்து கிடந்தால் பெரும்பாலும் ஒரே அளவுக்கு விரியும். கேஜை உள்ளங்கையில் வைத்திருப்பதுதான் கெடுதல்: 25 மி.மீ. கேஜ் 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 0.003 மி.மீ. நீளும்.

வாடிக்கையாளருக்குச் சான்றிதழ் தேவைப்பட்டால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும். அன்றாடச் சோதனைக்கு ஒரு சிறிய ஸ்லிப் கேஜ் செட் போதும். தனிப் பட்டறைக்கு அது பெரிய செலவு. தொழிற்பேட்டைச் சங்கங்கள் சங்கத்துக்கு ஒரு செட் வாங்கி உறுப்பினர்களுக்கு முறைவைத்துத் தரலாம். ஐடிஐ மாணவர்களுக்கு இந்தச் சோதனையைக் கையில் கொடுத்தே பழக்கலாம்.

இப்படிக்கு,
அளவுக்கருவி பழுதுநீக்குவோர் சிலர்,
கோயம்புத்தூர்.