மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக்: கலிப்பரைப் பூட்டியதோடு வேலை முடியாது

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்னும் ஓடும் மொறிஸ் மைனர் கார்களின் முன்சில்லுகளுக்கு டிறம் பிறேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிறேக் பூட்டும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. டிறம் பிறேக்கில் சூ எனும் வளைந்த துண்டுகள், சில்லோடு சுழலும் டிறம்மை உள்ளிருந்து அழுத்தும். டிஸ்க் பிறேக்கில் கலிப்பர் எனும் கவ்வி, பாட் எனும் தேயும் துண்டுகளால் சுழலும் தட்டை இரு பக்கமும் பிடிக்கும். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து ஏதோ ஒரு ஜப்பான் காரின் கலிப்பரும் தட்டும் வந்துசேர்கின்றன. இரும்பில் ஒரு பிறாக்கற் வெட்டப்படுகிறது. இரண்டு நாளில் கார் வெளியே போகிறது. இந்த மாற்றம் நல்ல மாற்றம்தான். பாதி வேலையோடு கார் வீதிக்கு வருவதுதான் எமது கவலை. சாரதியின் காலடியில், செஸிக்குள் மறைந்து கிடந்து, மிதியின் அழுத்தத்தை ஒயில் வழியாகச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்ரர் சிலிண்டரை யாரும் தொடுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டருக்குள், சுருள்வில்லின் முனையில், ஒரு சிறிய வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாய்களில் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அளவில் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிறம் பிறேக்குக்கு இது தேவை. சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் றப்பர் கப் விரிந்து நின்று காற்றை உள்ளே விடாமல் தடுப்பதற்கு அந்த அழுத்தம் உதவுகிறது. சூக்களைப் பின்னுக்கு இழுக்க அங்கே பலமான வில்லுகளும் உண்டு. கலிப்பரில் அப்படி வில் இல்லை. பிஸ்ரனைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் முறுகித் திரும்புவதால் கிடைக்கும் சிறு விலகல் மட்டுமே. 54 மில்லிமீற்றர் பிஸ்ரன் என்றால், 10 இறாத்தல் அழுத்தம் ஒவ்வொரு பிஸ்ரனையும் 16 கிலோ பாரத்துடன் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பாட் தட்டில் உரசும், தட்டு சூடாகும், பிறேக் ஒயில் கொதிக்கும், கடைசியில் பெடல் தரைவரை போகும். ஆகவே அந்த வால்வைக் கழற்றத்தான் வேண்டும். பின்சில்லுகள் டிறம்மாகவே இருப்பதால், பின்னால் போகும் குழாயில் மட்டும் 10 இறாத்தல் வால்வு ஒன்றைத் தனியாகப் போட வேண்டும்.

அடுத்தது ஒயிலின் அளவு. மைனரின் ஒயில் தொட்டி மாஸ்ரர் சிலிண்டரோடு ஒரே வார்ப்பாக உள்ளது, மிகச் சிறியது. கலிப்பருக்கு இரண்டாக நான்கு 54 மில்லிமீற்றர் பிஸ்ரன்களும் பாட் தேயத் தேய 8 மில்லிமீற்றர் வெளியே வந்தால், அவற்றின் பின்னால் நிரம்புவதற்கு மட்டும் 73 மில்லிலீற்றர் வேண்டும். கம்பளத்தைத் தூக்கி, மூடியைத் திறந்து ஒயில் மட்டம் பார்ப்பவர் எத்தனை பேர்? எஞ்சின் அறையின் பின்சுவரில் தனித் தொட்டி ஒன்றை உயரத்தில் பூட்டி, அங்கிருந்து மாஸ்ரர் சிலிண்டரின் மூடிக்குக் குழாய் இறக்குவதே சரி. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாஸ்ரர் சிலிண்டர் கலிப்பரை விடத் தாழ்வாக இருப்பதால், வால்வைக் கழற்றிய பின் கலிப்பரிலுள்ள ஒயில் மெல்ல இறங்கி, காலையில் முதல் மிதி வெறுமையாகப் போகும். தொட்டி கலிப்பரை விட உயரத்தில் இருந்தால் அது நடக்காது. தொட்டியை மாற்ற முடியாதவர்கள் முன் குழாயில் 2 இறாத்தல் வால்வு போட்டுக்கொள்ளலாம்.

மாஸ்ரர் சிலிண்டரைக் கழற்றுவது சிரமமான வேலை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை உருவ, முன் சஸ்பென்சனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். கம்பியின் பாரத்தை இறக்கித்தான் எடுக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்காகவே பலர் அதை விட்டுவிடுகிறார்கள். திருப்பிப் பூட்டும்போது பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள்: முதலில் சில மில்லிமீற்றர் சும்மா நகர வேண்டும். நகராவிட்டால் ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஒயிலுக்கு வழி இல்லாமல் பிறேக் தானாகவே இறுகும்.

சில்லுப் பக்கத்தில் இரண்டு அளவுகள் கண்ணை ஏமாற்றும். மைனரின் றிம்மைப் பிடிக்கும் நான்கு ஸ்ரட்டுகளும் 4 அங்குல வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றரில் உள்ளன. சிறிய ஜப்பான் கார்கள் பலவற்றில் அது 100. இந்த 1.6 மில்லிமீற்றர் வித்தியாசத்தோடும் றிம் ஏறிவிடும், நட்டும் இறுகும். ஆனால் நட்டின் கூம்பு றிம்மில் ஒரு பக்கம் மட்டுமே அமரும். நாளடைவில் நட் தளரும், ஸ்ரட் முறியும். தட்டின் துளைகளை அரத்தால் ராவிப் பெரிதாக்குவதும் தீர்வல்ல. லேத்தில் புதிய வட்டம் அளந்து துளைக்க வேண்டும்.

மற்றது புரி. மைனரின் பிறேக் குழாய் இணைப்புகள் பெரும்பாலும் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. ஜப்பான் கலிப்பரில் 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் புரி. 3/8 என்பது 9.5 மில்லிமீற்றர் என்பதால் அது 10 மில்லிமீற்றர் துளைக்குள் இலேசாகப் போகும். கையில் இறுகியது போலவும் இருக்கும். அவசரமாக மிதிக்கும் நேரத்தில் புரி பிய்த்துக்கொண்டு குழாய் கழன்றுவிடும். மைனரில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஒயில் வட்டம்தான். ஒரு குழாய் போனால் நான்கு சில்லும் போயிற்று. மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. டிஸ்க் பூட்டுவதால் இந்தக் குறை தீராது. கையில் காசு உள்ளவர்கள் இரட்டை வட்ட மாஸ்ரர் சிலிண்டருக்கு முதலில் செலவழிப்பது நல்லது என்பது எமது உறுதியான கருத்து.

பிறாக்கற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பேரோடு ஒரு டன் வரும் மைனரை அவசரமாக நிறுத்தும்போது, ஒரு முன்சில்லின் கலிப்பர் பிறாக்கற்றில் ஏறத்தாழ 750 கிலோ இழுவிசை விழுகிறது. டிறம்மின் பின்தகடு பூட்டியிருந்த அதே துளைகளில், தடித்த தகட்டில் ஒரே துண்டாக வெட்டிய பிறாக்கற், தலையில் 8.8 என்ற வலுத்தரம் பொறித்த போல்ட்டுகளுடன் வர வேண்டும். இரண்டு துண்டை வெல்டிங் வைத்து ஒட்டிய பிறாக்கற் வேண்டாம்.

தட்டை அச்சுக்குடத்தில் பூட்டுமுன் துருவையும் பெயின்றையும் சுரண்டித் துடைக்க வேண்டும். பூட்டிய பின் டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் ஆட்டம் 0.1 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். தேய்ந்த பெயாரிங்கை டிறம் பொறுத்துக்கொள்ளும், டிஸ்க் பொறுக்காது. ஆடும் தட்டு பிஸ்ரன்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீற்றர் பின்வாங்கினால், 7/8 அங்குல மாஸ்ரர் சிலிண்டர் அந்த இடைவெளியை மூடவே 14 மில்லிமீற்றர் ஓட வேண்டும். பெடலில் அது ஐந்து மடங்கு என்று வைத்தால் 7 சென்ரிமீற்றர். மிதியில் பாதி அங்கேயே தொலைந்துவிடும். பழைய தட்டு வாங்குவோர், தடிப்பை அளந்து, அதில் பொறித்திருக்கும் ஆகக்குறைந்த தடிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

காற்று எடுக்கும் நிப்பிள் கலிப்பரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடம் வலம் மாறிப் பூட்டினால் அது கீழே வரும். எத்தனை போத்தல் ஒயில் ஊற்றினாலும் காற்று போகாது. பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம் என்று தூரத்திலிருந்து தொடங்குங்கள். டொட் 4 ஒயில் போதும்; அது ஈரத்தை இழுக்கும் என்பதால் கடற்கரைக் காற்றில் ஓடும் காருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். றப்பர் கப்புகளை மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். றப்பர் ஊதிக் கெட்டுவிடும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். கழற்றிய டிறம்முக்குக் காற்று அடிக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

எல்லா மைனருக்கும் டிஸ்க் தேவையா? ஹப்புத்தளைப் பக்கமும் கடுகண்ணாவை இறக்கத்திலும் அடிக்கடி ஓடும் காருக்குத் தேவை. நீண்ட இறக்கத்தில் டிறம் சூடாகி விரிந்து சூவை விட்டு விலகும்; பிறேக் பிடிமானமும் குறைந்துகொண்டே போகும். சமதரையான குடாநாட்டுக்குள் மட்டும் ஓடும் காருக்கு, 1962க்குப் பிந்திய 1098 சிசி மைனரின் 8 அங்குல முன் டிறம் நன்றாகச் சரிசெய்யப்பட்டால் போதுமானது. முந்திய 7 அங்குல டிறம் உள்ளவர்கள் இந்த 8 அங்குலத்துக்கு மாறலாம். மாஸ்ரர் சிலிண்டரின் வால்வைத் தொட வேண்டியதில்லை. முன்சில்லு ஒவ்வொன்றிலும் சரிசெய்யும் இடம் இரண்டு உண்டு. ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு “மைனர் பிறேக் இப்படித்தான்” என்று சொல்வது அந்தக் காருக்குச் செய்யும் அநியாயம். இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்வாங்க வேண்டும். இரண்டையும்.

டிஸ்க் பூட்டியவர்கள் பெடல் கடினமாக இருப்பதாகச் சொல்வதுண்டு. மைனரின் முன் டிறம்மில் சுழலும் டிறம்மே இரண்டு சூக்களையும் தன்னோடு இழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. காலின் பலமே பலம். அதிகப் பலம் வேண்டுமானால் கலிப்பரில் பெரிய பிஸ்ரனோ, எஞ்சினின் வெற்றிடத்தால் மிதிக்குத் துணைசெய்யும் சேர்வோவோ தேவை.

வேலை முடிந்ததும் வெறும் வீதியில் 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 15க்கு, இடைவெளி விட்டுப் பத்துத் தடவை குறைத்து பாட்டைப் பழக்குங்கள். பிறகு ஒருமுறை அழுத்தி மிதித்துப் பாருங்கள். முன்சில்லு முதலில் இறுக வேண்டும். பின்சில்லு முதலில் இறுகினால் கார் சுழலும். அந்தக் காரை உரிமையாளரிடம் கொடுக்கக் கூடாது. 20 கிலோமீற்றர் ஓடிய பின் நான்கு றிம்மையும் கையால் தொட்டுப் பார்த்து, ஒன்று மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால் அந்தச் சில்லின் பிறேக்கையே பாருங்கள்; முன்சில்லு இரண்டும் அப்படிச் சுட்டால் பாட் உரசுகிறது என்று அறிந்து, திரும்பவும் மாஸ்ரர் சிலிண்டரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

பழைய வாகனத் திருத்துநர்கள் சிலர்,
கோண்டாவில்.