இக்போ-உக்வு வெண்கலங்களை ஊருக்கு அனுப்புங்கள்: பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு,

வணக்கம். நைஜீரியாவின் பெனின் நகரத்து வெண்கலங்களைப் பற்றி உங்களுக்கு மடல்கள் வந்து குவிந்திருக்கும். நான் எழுதுவது அதே நாட்டில், பெனினுக்குக் கிழக்கே, நைஜர் ஆற்றைத் தாண்டி இருக்கும் இக்போ-உக்வுவைப் பற்றி. இக்போ மக்களின் ஊர் அது.

1930களின் கடைசியில் ஐசாயா அனோசி என்பவர் அங்கே தன் வீட்டு வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டினார். வெண்கலம் தட்டுப்பட்டது. அக்கம்பக்கத்தார் கொஞ்சம் எடுத்துப் போனார்கள். பலவற்றை ஃபீல்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி விலைக்கு வாங்கினார். அவர் கொடுத்த சில பொருள்கள் 1956இல் உங்களிடம் வந்து சேர்ந்தன.

அப்புறம் 1959இல் தொல்லியலாளர் தர்ஸ்டன் ஷா அங்கே அகழாய்வு தொடங்கினார். ஒரு நிலத்தடி அறையில், இருக்கையில் உட்கார்த்தி வைத்துப் புதைத்த ஒரு பெரிய மனிதர் கிடைத்தார். செம்பு மகுடம், மார்பணி, பக்கத்தில் யானைத் தந்தங்கள். கண்ணாடியும் சூதுபவளமுமாக, அகழ்ந்த இடங்களில் மொத்தம் 1,65,000 மணிகள். கயிற்றுவலை போர்த்திய தண்ணீர்ப் பானையை, கயிற்றின் முறுக்கு வரை வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்கள். வெண்கலச் சங்கு ஒன்றின் உச்சியில் ஒரு சிறுத்தை நிற்கிறது. மேற்பரப்பில் கைநகம் அளவு பூச்சிகள். காலம் 9ஆம் நூற்றாண்டு என்று கரிமச் சோதனை சொன்னபோது, அவ்வளவு பழைமை இருக்க முடியாது என்று வாதாடிய அறிஞர்களும் உண்டு.

இக்போ ஊர்களில் பெரும்பாலும் அரசர் கிடையாது, ஊர்க்கூட்டம்தான் முடிவெடுக்கும். உங்கள் நாட்டு நிர்வாகத்துக்கு அது பிடிபடவில்லை. தானே தலைவர்களை நியமித்தது. 1929இல் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு அதை எதிர்த்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேரரசு என்று ஒன்றும் இல்லாமலே இப்படிப்பட்ட கலையை வளர்த்த சமூகம் இது. அந்த ஊர்ப் பிள்ளைகள் இதை நேரில் பார்த்து வளர வேண்டாமா?

இவை 1897இல் பெனினில் நடந்ததுபோல் படையெடுத்துக் கொள்ளையடித்தவை அல்ல என்பது எனக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கியவைதான். ஆனால் ஆளும் அரசின் அதிகாரி வந்து விலை கேட்கும்போது, குடிமகனுக்கு மறுக்க எவ்வளவு இடம் இருந்திருக்கும்? கொள்ளை இல்லை என்பதாலேயே இவற்றை யாரும் உரக்கக் கேட்பதில்லை. அதனால் முதல் அடியை நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

சேகரிப்பில் உள்ளதை எளிதில் கொடுத்துவிட முடியாதபடி 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் கையைக் கட்டுகிறது என்பீர்கள். சரி. 2024இல் அசாந்தே அரசின் பொன் அணிகளைக் கடனாகக் கானாவின் குமாசிக்கு அனுப்பினீர்களே, அந்த வழி இதற்கும் திறந்துதான் இருக்கிறது. இக்போ-உக்வுவில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி நைஜீரியாவிலேயே இருக்கிறது. உங்களிடம் உள்ளவை கொஞ்சம்தான். நைஜீரிய அருங்காட்சியக ஆணையத்தோடு பேசுங்கள். லாகோஸ் வரை அல்ல, இக்போ-உக்வு வரைக்கும் அனுப்புங்கள். அங்கே பாதுகாப்பான கூடம் கட்டும் செலவில் பங்கேற்றுக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் அனுப்புவீர்கள் என்பதையும் வெளிப்படையாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்