முகாமில் ஒரு திரை கட்டுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு வணக்கம்.

சம்பா நடவு நேரத்து மருத்துவ முகாம்கள் இந்த முறையும் அதே மாதிரிதான் நடக்கின்றன. பந்தலில் ஒரே மேசை, சுற்றிலும் வரிசை, முன்னால் மாமியார், பின்னால் கணவர். "என்னம்மா செய்யுது?" என்றால், "ஒடம்பு வலிங்க, நெஞ்சு கரிக்குது, தூக்கம் வரல" என்பதற்கு மேல் அந்தப் பெண் என்ன சொல்வார்? குழுக்கடன் தவணையையும் வீட்டுக்காரர் குடியையும் அங்கே வைத்துச் சொல்ல முடியுமா?

பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும். வலிக்கு டைக்ளோஃபினாக், எரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை. டைக்ளோஃபினாக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகலாம், ரத்த அழுத்தமும் ஏறலாம். அடுத்த முகாமில் அழுத்த மாத்திரை சேரும். துக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். அழுகையையும் கோபத்தையும் விழுங்கினால் முகம்தான் அடங்குகிறது. உள்ளே அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன. ரத்தக்குழாய் சுருங்குகிறது, பிடரியும் தோளும் இறுகுகின்றன, தூக்கம் கெடுகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகலாம்.

நாங்கள் கேட்பது ஒரு திரை. நாலு கம்பும் இரண்டு சேலையும் போதும். மேசைக்குப் பத்தடி தள்ளி இரண்டு நாற்காலி, ஒரு பெண் செவிலியர். ஐந்து நிமிடம் பேசவிடாமல் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அழுத்தம் பாருங்கள். வெயிலில் நடந்து வந்தவரை நிற்கவைத்துப் பார்த்த அளவு எதற்கும் உதவாது.

பிறகு இரண்டே கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, அநேகமாகத் தினமும் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால், மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம். அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மாவட்ட மனநலக் குழுவிடம் அனுப்புங்கள். சாகத் தோன்றியதாகச் சொன்னால் எண்ணைப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட இதே சோர்வைத் தரும் என்பதால் அந்தச் சோதனைகளையும் விடாதீர்கள்.

அரசின் மனநல உதவித் தொலைபேசியான 14416 எண்ணைச் சீட்டில் எழுதித் தருவது நல்லதுதான். ஆனால் கைப்பேசி கணவர் சட்டைப்பையில் இருக்கும் வீட்டில் அவர் எப்போது, எங்கிருந்து பேசுவார்? நோயாளி சொன்னதை ரகசியமாகக் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமை. வரிசையில் நிற்கவைத்துக் கேட்டால் அந்த உரிமை எங்கே போகிறது? முகாமையும் காலை பத்து மணிக்கு வைக்கிறீர்கள். நடவுக்காரப் பெண்கள் அப்போது சேற்றில் நிற்கிறார்கள். வருவது வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே. "பெண்கள் வருகை குறைவு" என்று பதிவேட்டில் ஏறுகிறது.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செவிலியர்களின் வேலைச்சுமையும் எங்களுக்குத் தெரியும். அடுத்த முகாமை நடவுப் பெண்கள் கரையேறும் மாலைக்கு மாற்றி, ஒரு திரை கட்ட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சேலைகளை ஊரிலேயே தருவார்கள்.

இப்படிக்கு,
டெல்டா ஊர்களில் பெண்கள் நலப் பணி செய்வோர்