புறாக் கதையின் மீதிப் பாதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் சிறுவர் பக்கத்தில் வந்த புறாக் கதையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். வேடன் வலை விரித்தான், புறாக்கள் சிக்கின, ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறந்தன. அவ்வளவுதான், கதை முடிந்தது. கீழே கட்டம் கட்டி, ‘நீதி: ஒற்றுமையே பலம்’. "வலை இன்னும் கால்லதானே இருக்கு, பாட்டி?" என்று கேட்டாள் பிள்ளை.

பஞ்சதந்திரம் தாங்கள் அறியாததல்ல. பறந்த புறாக்கள் எலி நண்பன் இரண்யகனின் வளையருகே இறங்குகின்றன. அது ஓடிவந்து அரசன் சித்திரக்கிரீவனின் கட்டை முதலில் கடிக்கப் பார்க்கிறது. என்னை நம்பி வந்தவர்களை முதலில் விடுவி, அப்புறம் என்னைப் பார் என்கிறது அரசப்புறா. அதற்குள் என் பல் போய்விட்டால் என்ன செய்வாய் என்று எலி கேட்டும் அது இறங்கி வரவில்லை. இரக்கம் என்றால் என்னவென்று குழந்தைக்குப் புரியும் இடமே அதுதான். அதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் டியூஷன் விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். மனம் மிகவும் வருந்துகிறது ஐயா.

இது இன்று நேற்று வந்த நோய் அல்ல. நான் பணியில் இருந்தபோது கதை சொல்லும் போட்டி ஒன்றில் ஒரு மாணவி இதே கதையைச் சொன்னாள். எலி கேட்கும் இடத்தில் குரலைத் தாழ்த்தி, விரலால் தன் பல்லைத் தொட்டுக் காட்டினாள். மணி அடித்துவிட்டது. நீதியைச் சொல்லவில்லை என்று நடுவர்கள் புள்ளியைக் குறைத்தார்கள். அழுதுகொண்டே மேடையிலிருந்து இறங்கிய அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். கதையை வினா-விடையாக்கும் பழக்கத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

எங்கள் அடுக்குமாடியின் கீழே பையன்கள் பூனையின் வாலில் டின் கட்டி விரட்டுகிறார்கள். 2015 விலங்கு நலச் சட்டப்படி விலங்கை வதைத்தால் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. அந்தப் பையன்களுக்குச் சட்டமா தெரியும்? ஆனால் நீதியைக் கேட்டால் ஒப்பிப்பார்கள்.

1816-இல் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் பினாங்கு என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கதை முழுசாகக் கிடைக்கக் கூடாதா?

வரும் ஞாயிறு கதையின் மீதியை அதே பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். நீதிக் கட்டம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.