கோப்பை வேண்டாம், பந்து வாங்கிக் கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

யானைமலை அடிவாரத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பேஸ்பால் லீக் நடத்திவரும் குழுவின் சார்பில் இதை எழுதுகிறோம். ஒத்தக்கடை, நரசிங்கம், கொடிக்குளம், திருமோகூர் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு அணிகளாகப் பிரிந்து சனி, ஞாயிறு காலைகளில் ஆடுகிறார்கள். இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பயிற்சி கொடுப்பவர், அம்பயராக நிற்பவர், ஸ்கோர் எழுதுபவர், தண்ணீர்க் கேன் தூக்கி வருபவர் எல்லாருமே உள்ளூர்க்காரர்கள், சொந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வருகிறவர்கள். ஆட வரும் பிள்ளையிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்பது தொடக்கத்திலிருந்தே இருக்கிற ஏற்பாடு. அதை மாற்றாமல் லீக்கை நடத்த வேண்டும் என்பதற்காகத்தான் இப்போது உங்களிடம் வருகிறோம்.

மதுரையில் எதற்குப் பேஸ்பால் என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். அமெரிக்கன் கல்லூரி இருக்கிற ஊர் இது. அமெரிக்க மிஷனரிகள் இங்கே வந்து இறங்கியது 1834இல். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக்கும் அமெரிக்கர்தான். ஒய்.எம்.சி.ஏ. வழியாக இந்தியாவுக்குள் வந்த வாலிபாலை இன்றைக்கு மேலூர் பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் சாயங்காலம் பார்க்கலாம். பேஸ்பால் மட்டும் ஏனோ ஊருக்குள் இறங்கவில்லை. ஏனோ என்ன, காரணம் தெரிந்ததுதான். வாலிபாலுக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு கிளவுஸ் வேண்டும், பேட் பிடிக்கிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகமூடி, மார்புக் கவசம், கால் கவசம் வேண்டும், பேட் பிடிக்கிறவருக்கு ஹெல்மெட் வேண்டும். கைக்காசு இல்லாத ஊரில் இது எப்படி வேர்விடும்?

அப்படியும் இங்கே வேர்விட்டதற்குக் காரணம் ஒரு உடற்கல்வி ஆசிரியர். கல்லூரி நாட்களில், பேஸ்பாலைப் போலவே கொஞ்சம் பெரிய பந்தில் ஆடும் சாஃப்ட்பால் ஆடியவர். தன் பெயரைப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நாங்களும் அவரை ‘சார்’ என்றே விட்டுவிடுகிறோம், ஊரில் எல்லாருக்கும் தெரியும். பள்ளியில் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் நான்கு மூலைக்கு ‘பேஸ்’ என்று நான்கு சாக்கைப் போட்டு, பந்தை அடித்தவர் அவற்றை ஓடித் தொட வேண்டும் என்று ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். கிளவுஸ் எல்லாம் பழையவை, கல்லூரி அணிகள் கழித்துப் போட்டவை. பந்தின் தையல் பிரிந்தால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வோம்.

கண்மாய்க்குள் ஆடுவது என்றால் அதற்கென்று ஒரு காலண்டர் உண்டு. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, மேலே நடக்கலாம் என்றானதும் சீசன் தொடங்கும். ஐப்பசி மழை பெய்து தண்ணீர் பெருகினால் சீசன் முடிந்தது. வாய்க்காலில் பெரியாறு-வைகைத் தண்ணீர் திறந்துவிட்டால் அதற்கும் முன்பே முடிந்துவிடும். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. கண்மாய் நிறைந்தால் ஊருக்கே சந்தோஷம், பந்து விளையாட முடியவில்லை என்று யாரும் அழ முடியாது. சிரமம் தரையில்தான். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தரையோடு உருண்டு வரும் பந்து ஒரு வெடிப்பில் தட்டி முகத்துக்கு எகிறும். கருவேல முள் வேறு. பிள்ளைகளின் மூக்கும் முழங்காலும் பட்ட பாட்டைப் பார்த்த பெற்றோர்கள்தான் முதலில் ஒன்றுகூடிப் பேசினார்கள். இந்தக் குழு உருவானது அப்படித்தான். சார் ஓய்வு பெற்ற பிறகும் ஆட்டம் நின்றுபோகாததற்கு அவர்களே காரணம்.

பள்ளி மைதானத்தை வார இறுதியில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்கியது அவர்களுடைய முதல் வேலை. மேடு பள்ளத்தைச் சமப்படுத்தினார்கள். டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் செம்மண் நடை அடித்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. வெல்டிங் பட்டறைக்காரர் கழிவுத் தகட்டில், பேட் பிடிக்கிறவர் நிற்கும் இடத்தில் போடும் ஹோம் பிளேட்டை வெட்டிக் கொடுத்தார். விளிம்பு கையைக் கிழித்ததால் அதை எடுத்துவிட்டு இப்போது ரப்பர் பாய் வெட்டிப் போட்டிருக்கிறோம். முன்பு ஆடிய பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் போன பிறகு பயிற்சி கொடுக்கத் திரும்பி வரத் தொடங்கினார்கள். அம்பயர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இன்னொரு பாதி, விதிகள் முழுசாகத் தெரியாமலே நின்று, திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்ட அப்பாக்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேஸ்பால் பிறந்த அமெரிக்காவில், சிறுவர்களுக்கான லிட்டில் லீக் 1974இல்தான் சிறுமிகளைச் சேர்க்கும்படி விதியை மாற்றியது. அதுவும் நியூ ஜெர்சியில் ஒரு சிறுமிக்காகத் தொடரப்பட்ட வழக்குக்குப் பிறகு. எங்கள் ஊரில் கதை தலைகீழ். சார் கூப்பிட்டதும் முதலில் வந்து நின்றது பெண் பிள்ளைகள்தான், பையன்கள் கிரிக்கெட்டை விட்டு வர யோசித்தார்கள். இன்றைக்கும் நான்கு அணிகளிலும் கலந்தே ஆடுகிறார்கள். வயசுக்கு வந்த பெண்ணை மைதானத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று சில வீடுகளில் நிறுத்தியது உண்டு. அக்கம்பக்கத்து அத்தைகளும் சித்திகளும் தாங்களே மைதானத்தில் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. உட்கார்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, ஸ்கோர் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நோட்டு ஸ்கோருக்கு மட்டும் இல்லை. பிட்சர் எத்தனை பந்து எறிந்தார் என்பதும் அதில் ஏறும். வளரும் வயதில் அளவுக்கு மேல் எறிந்தால் முழங்கையும் தோளும் கெட்டுவிடும். லிட்டில் லீக் 2007 முதல் இதற்கு எண்ணிக்கை வரம்பு வைத்திருக்கிறது. 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்து, 11, 12 வயதென்றால் 85. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, நோட்டு வைத்திருக்கும் அக்கா கையைத் தூக்கினால் பிட்சர் மாறியாக வேண்டும். பயிற்சியாளர் கெஞ்சினாலும் அவர் மசிய மாட்டார்.

லிட்டில் லீக் தொடங்கிய கதையை எங்கள் கூட்டங்களில் அடிக்கடி பேசுவோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் 1938இல் தன் உறவுக்காரப் பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, பெரியவர்களுக்கான மைதானமும் தூரமும் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று யோசித்திருக்கிறார். ஊர்ப் பையன்களைக் கூட்டி, பேஸ்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை மாற்றி மாற்றி வைத்து ஓடவிட்டுப் பார்த்து, கடைசியில் 60 அடி என்று முடிவு செய்தார். பெரியவர்களுக்கு அது 90 அடி. இன்றும் லிட்டில் லீக்கில் சின்னப் பிள்ளைகள் ஆடுவது அவர் வைத்த தூரத்தில்தான், எங்கள் மைதானத்திலும் அதே 60 அடி.

தூரம் சரியாகிவிட்டது, பணத்துக்கு எங்கே போவது? ஸ்டாட்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினார். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையை விரித்த பிறகுதான் ஒரு பால் பண்ணைக்காரர் சரி என்றார். ஒரு அணிக்குச் சீருடை வாங்க அப்போது 30 டாலர் போதுமானதாக இருந்தது. பால் பண்ணை, மரக்கடை, பிரெட்சல் என்கிற தின்பண்டம் செய்யும் கம்பெனி, இந்த மூன்றின் பெயரில் மூன்று அணிகள். 1939 ஜூன் 6 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் மரக்கடை அணி பால் பண்ணை அணியை 23-8 என்று அடித்துத் துவைத்தது. நன்கொடை கேட்டு வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் எங்கள் பொருளாளர் அந்த ஐம்பது கடைகளைத்தான் ஞாபகப்படுத்துவார். நாம் இன்னும் இருபதைக்கூடத் தாண்டவில்லை என்பார்.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறோம். நம் பக்கத்தில் விளையாட்டுக்குக் கொடுக்கிற கைகளுக்குக் குறைவே இல்லை. கபடிப் போட்டி என்று நோட்டீஸ் அடித்தால் முதல் பரிசு உபயம், இரண்டாம் பரிசு உபயம், சுழற்கோப்பை உபயம் என்று பக்கம் நிறைந்துவிடும். ஜல்லிக்கட்டு வாடிவாசலில் அண்டா, சைக்கிள், பீரோ என்று மைக்கில் பெயர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிடும். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் போட்டி நடக்கிற அந்த ஒரு நாளுக்குக் கொடுப்பவர்கள், மீதி நாட்களில் பிள்ளைகள் பழகுவதற்குக் கொடுப்பதில்லை. கோப்பையில் பெயர் பொறிக்கலாம், பந்தில் பொறித்தால் ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும், அதனால் இருக்கலாம். பள்ளி அலமாரியில் கோப்பைகள் வைக்க இடமில்லை. அதே அலமாரியின் அடித்தட்டில் இருக்கிற பந்துகளைத் தொட்டால் நூல் கையோடு வருகிறது.

இப்போது அவசரமாக வேண்டியது பின்வலை. கிரிக்கெட் பார்த்தே பழகியவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றும். பேஸ்பால் பேட் உருண்டை. அதன் மேல் விளிம்பில் பட்ட பந்து நேராகப் பின்னால் பறக்கும், ஒவ்வொரு ஆட்டத்திலும் இது பல முறை நடக்கும். எங்கள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இடுப்புயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடுகள். உடைந்த ஓடுகளுக்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறோம், அது போகட்டும். பந்து ரோட்டுக்குப் போனதும் அதன் பின்னாலேயே சுவரேறிக் குதிக்கும் பிள்ளையை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. இப்போதைக்கு ரோட்டோரம் ஒரு பெரியவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். வலை இருந்தால் அவரும் நிம்மதியாக ஆட்டத்தைப் பார்ப்பார்.

கணக்கு இதுதான். இரும்புக் குழாய்த் தூண் நட்டு உயரமான நைலான் வலை கட்ட 85,000 ரூபாய். கிளவுஸ் ஒன்று 1,500 என்று 24க்கு 36,000. கேட்சர் கவசம் இரண்டு செட் 24,000. ஹெல்மெட் எட்டு 12,000. பந்து ஐந்து டஜன் 21,000. மொத்தம் 1,78,000 ரூபாய். பெற்றோர்களும் பழைய ஆட்டக்காரர்களும் போட்டதில் 38,000 கையில் இருக்கிறது. மீதி 1,40,000 ரூபாயைத்தான் கேட்கிறோம். கிளவுஸில் நான்கு, இடக்கைக்காரப் பிள்ளைகளுக்கு. இடக்கையால் எறிகிறவர் கிளவுஸை வலக்கையில் மாட்ட வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. கொடிக்குளத்துப் பெண் ஒருத்தி தப்பான கையில் மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்து, கிளவுஸை உதறிப் போட்டுவிட்டு, அதே கையால் எறிந்து ஆளை அவுட் ஆக்குகிறாள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். சரியான கிளவுஸ் கிடைத்தால் அவள் என்ன செய்வாள் என்று பார்க்க எங்களுக்கே ஆசையாக இருக்கிறது.

இதனால் பிள்ளைகளுக்கு என்ன எதிர்காலம் என்று கேட்பவர்கள் உண்டு. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கின்றன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு இவையும் திரும்ப வருகின்றன. உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இளைஞர்களை 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க அணி ஒப்பந்தம் செய்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதைச் சொல்லி எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் ஆசை காட்டுவதில்லை, உங்களிடமும் அப்படிச் சொல்லிப் பணம் கேட்க மாட்டோம். பிள்ளைகள் வாரத்தில் இரண்டு காலை செல்போனைக் கீழே வைத்துவிட்டு வெயிலில் ஓடுகிறார்கள், வேறு தெருப் பிள்ளையோடு ஒரே அணியில் நிற்கிறார்கள். எங்களுக்கு அது போதும்.

பணமாகக் கொடுப்பவர்கள் குழு உறுப்பினர்கள் வீட்டுக்கு வரும்போது கொடுக்கலாம், அல்லது ஞாயிறு காலை மைதானத்திலேயே பொருளாளரிடம் கொடுக்கலாம். ரசீது கேட்டு வாங்குங்கள், ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வரவு செலவு விவரம் மாதம் ஒருமுறை பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வருமான வரிச் சலுகைக்கான சான்று எங்களிடம் கிடையாது. பணமாகக் கொடுக்க விரும்பாதவர்கள் பொருளாகவே வாங்கித் தரலாம். குழாய், வலை, சிமெண்ட் எதுவானாலும் சரி. வெல்டிங் வேலைக்கு ஒரு நாள் ஆள் அனுப்பினாலும் அது நன்கொடைதான். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பழைய கிளவுஸ் கிடைத்தால் பெட்டியில் ஓரமாகப் போட்டுக் கொண்டுவாருங்கள். இடக்கைக்காரர் மாட்டும் கிளவுஸ் என்றால் இரண்டாக.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை ஆட்டங்கள் தொடங்குவதற்குள் வலையைக் கட்டிவிட வேண்டும். அதற்குள் பணம் முழுசாகச் சேராவிட்டால் இருப்பதை வைத்து வலையை மட்டும் முடித்துவிடுவோம், கிளவுஸ் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். ஆட்டம் காலை ஆறரைக்குத் தொடங்கும். வருகிறவர்கள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
பேஸ்பால் லீக் குழுவினர்,
யானைமலை அடிவாரம், மதுரை.